உப்புத் தின்ற வேம்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களிடம் மண்ணைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். மண்ணைப் பற்றி என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஆகவே மனிதர்கள் அந்த மண்ணில் கொண்டுவந்து கொட்டுகிற சாமான்களைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் ஒரு பூங்காவின் நாற்றுமேடையிலும், பிறகு லண்டனில் வீடு வீடாகப் போய்த் தோட்டம் பார்க்கிற வேலையிலும் காலம் கழித்தவள் நான். முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டன, கொடுத்துவிட்டேன். வாய் இன்னும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலில் ஆளை ஏமாற்றுவதில் உப்புக்கு நிகர் எதுவும் கிடையாது. பூச்சி தின்றால் இலையில் ஓட்டை தெரியும், பூஞ்சணம் பிடித்தால் புள்ளி தெரியும். உப்புக் கூடினால் செடி தாகத்தில் வாடியதுபோலத்தான் நிற்கும். தொட்டுப் பார்த்தால் மண் ஈரமாக இருக்கும், இலை மட்டும் தொங்கி, ஓரம் கருகியிருக்கும். வேரைச் சுற்றித் தண்ணீர் இருந்தும் உப்பு அதைக் குடிக்க விடாது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? பாவம், பசிக்கிறதாக்கும் என்று இன்னும் கொஞ்சம் உரம் போடுவார். உரத்திலும் உப்புத்தானே இருக்கிறது. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான்.

வால்தம்ஸ்டோவில் ஓர் ஐயா கத்தரி வளர்த்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் நட்ட கன்றுகள் எல்லாம் வேகவைத்த கீரை மாதிரிக் கிடந்தன. "விதை நல்லது, எரு நல்லது, மண்ணும் நானே கலந்தனான் பிள்ளை" என்று அடித்துச் சொன்னார். மணல் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வாங்கிறதோ? கவுன்சில்காரன் எங்கடை வீதி முனையிலை மஞ்சள் பெட்டி நிறைய மணல் வைச்சிருக்கிறான். சும்மா கிடக்குது." பனிக்காலத்தில் வீதி உறைந்தால் தூவுவதற்காக வைத்திருக்கிற உப்பு அது. பார்வைக்குப் பழுப்பு மணல் மாதிரித்தான் இருக்கும். நான் வாய் திறப்பதற்குள் அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டார். அந்த முகம் போன கோணலைப் பார்த்து அவருடைய மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நோர்பரியில் ஒரு வீட்டில் கருவாடு கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினார்கள். இன்னொரு வீட்டில் காளான் வளர்த்துக் கழித்த, உப்பேறிய எருவை மூட்டை மூட்டையாக வாங்கிக் கமேலியாப் பூச்செடிக்குக் குவித்தார்கள். எல்லாமே அன்பினால் செய்தவை. இப்படிப்பட்ட வீடுகளில் தவறைச் சொல்லிவிடுவது எளிது, சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிக்க முடியாத இடம் ஒன்று எனக்கு வாய்த்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

கிழக்கு லண்டனில் ஒரு சின்ன அம்மன் கோவில். பெயர் வேண்டாம். சன்னதிக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூரை போட்ட ஓர் அறை, அதற்குள் பெரிய சாடியில் ஒரு வேம்பு. இந்த ஊர்க் குளிரில் வேம்பை வெளியே நட முடியாது என்பதால் விதையிலிருந்து அங்கேயே வளர்த்திருந்தார்கள். ஆளுயரத்தைத் தாண்டிக் கூரையைத் தொடப் பார்க்கும் மரம். அதைப் பார்த்துக்கொண்டவர் இராசமலர் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வேறு வேறு நாட்டில். கோவிலில் கழிக்கிற பூமாலைகளையெல்லாம் சேர்த்துப் பின்முற்றத்தில் மூன்று பெட்டிகளில் மக்கவைத்துக் கூட்டெரு செய்வார். அந்த எருதான் வேம்புக்கும் முற்றத்துச் செவ்வந்திக்கும். அந்தத் தொண்டுதான் அவருடைய வாரம் முழுவதும்.

ஆடி மாதத் திருவிழா நெருங்குகிற நேரம் கோவில் செயலாளர் எனக்குப் போன் எடுத்தார். நல்ல மனிதர், கணக்காளர், எதையும் இழுத்தடிக்கப் பிடிக்காதவர்.

"தங்கச்சி, வேம்பு பட்டுக்கொண்டு வருது. சனம் அபசகுனம் எண்டு கதைக்கத் தொடங்கிட்டுது. எல்லாம் அந்த மனிசியின்ரை குப்பையாலைதான். வெள்ளிக்கிழமை பெட்டியளைத் தூக்கச் சொல்லிட்டன். இனி எருவும் வேண்டாம், அந்தத் தொண்டும் வேண்டாம். நீங்கள் ஒருக்கால் வந்து பாத்து, எரு கூடாது எண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ. நான் சொன்னால் அவ மனசு நோவா."

"மண்ணைப் பாக்காமல் நான் ஒண்டும் சொல்ல ஏலாது, அண்ணை."

"பாக்க என்ன இருக்கு? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு."

உண்மையைச் சொன்னால், எனக்கும் முதல் சந்தேகம் எருவின் மேல்தான். கோவில் குப்பையில் திருநீறு இருக்கும், இளநீர் இருக்கும், பஞ்சாமிர்தம் இருக்கும். எல்லாமாகச் சேர்ந்து உப்பை ஏற்றிவிடக்கூடியவை. ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. செயலாளர் கேட்டது ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் ஓர் அம்மாவின் நாட்கள் எல்லாம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் போனேன். முதலில் பின்முற்றம். மூன்று பெட்டிகளிலும் கையை விட்டுப் பார்த்தேன், மழை பெய்த காட்டு மண் மாதிரி மணத்தது. தண்ணீரில் கரைத்த எருவில் உப்பை அளக்கிற சின்ன மீட்டரை வைத்தேன். ஒரு குறையும் இல்லை. மாலைகளை அலசித்தான் போடுவாராம். திருநீறு பட்டதை ஒதுக்கிவிடுவாராம். மாரி முழுவதும் மூடியைத் திறந்து மழையில் விட்டுவிடுவாராம். மழை கழுவிய எரு அது. நான் வேலை செய்த நாற்றுமேடையில்கூட அவ்வளவு சுத்தமான எருவை அடிக்கடி கண்டதில்லை.

பிறகு வேம்படிக்குப் போனேன். மரத்தைச் சுற்றி நடந்தபோதுதான் கவனித்தேன். வாசல் பக்கத்துக் கிளைகள் பச்சையாக இருந்தன. சுவர்ப் பக்கத்துக் கிளைகள்தான் இலை கருகி, நுனி காய்ந்து நின்றன. எரு போடுகிறவர் சுற்றிவரத்தான் போடுவார். ஒரு பக்கம் மட்டும் சாகிறது என்றால் அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ நடக்கிறது. குனிந்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே, சாடியின் பின்புறத்தைப் பார்த்தேன். மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு. மீட்டர் அதன் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டது. விரலால் கிளறினேன். கறுப்பாக உருண்டையாக ஏதோ அகப்பட்டது. நத்தைக்குப் போடும் மருந்தோ என்று நினைத்து மூக்கில் வைத்தேன். மிளகு!

"அக்கா, இஞ்சை ஆர் உப்புப் போடுறது?"

இராசமலர் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தங்கச்சி, என்ரை எருவாலைதான் எண்டு சொல்லி விடுங்கோ."

"உங்கடை எரு தங்கம் மாதிரிக் கிடக்கு! ஏன் அப்பிடிச் சொல்லோணும்?"

"சொல்லுங்கோ எண்டால் சொல்லுங்கோவன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரம் சாகிறது, தொண்டு போகிறது, பழியை நானே சுமக்கிறேன் என்று ஒருவர் நிற்கிறார். யாரைக் காப்பாற்ற நிற்கிறீர்கள் என்று குரலை உயர்த்தினேன். அவர் சன்னதிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"இந்தியாத் தம்பி ஒருத்தர். கம்ப்யூட்டர் வேலை. ஒவ்வொரு செவ்வாயும் வேலை முடிஞ்சு நேரை இஞ்சை வாறவர். மனிசிக்குக் கடுமையான வருத்தம், ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம். அவையளின்ரை ஊர் வழக்கமாம், அம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டு நேருறது. அவர் போனாப் பிறகு நான் வழிச்சு எடுக்கிறனான். எல்லாம் எடுக்கேலாது, அதுக்குள்ளை கரைஞ்சிடுது. நீ போட்ட உப்பாலைதான் அம்மன்ரை மரம் பட்டது எண்டு அந்தப் பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது? அவருக்கு இருக்கிறது அந்த ஒரு நம்பிக்கைதான். எனக்கு எரு போடேலாட்டி வீட்டிலை இருப்பன். அவ்வளவுதானே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பழியைத் தானே கேட்டு வாங்குகிறவரை அன்றுதான் கண்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மீட்டர் தன் வேலையை முடித்துவிட்டது. இனி என்ன செய்வது என்று அது சொல்லாது. அக்கா கேட்டபடி எருவின் மேல் பழியைப் போட்டால் பெட்டிகள் போகும், ஆனால் அடுத்த செவ்வாயும் உப்பு விழும். மரமும் போகும், தொண்டும் போகும். செயலாளரிடம் சொன்னால் அவர் அந்த இளைஞரை எல்லோர் முன்னிலையிலும் பிடித்து உலுப்பிவிடுவார். மரத்தைக் காப்பாற்றக்கூடியவர் ஒருவர்தான், அது உப்புப் போடுகிறவர். ஆகவே அவரிடம்தான் சொல்ல வேண்டும். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். நான் கேட்கவில்லை.

அன்றும் செவ்வாய்தான், அந்த இளைஞர் வந்தார். முதுகில் லாப்டாப் பை, கழுத்தில் கழற்ற மறந்த அலுவலக அட்டை. சன்னதியில் கும்பிட்டுவிட்டு நேரே வேம்படிக்கு வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. இதை என்னத்துக்குப் போடுறீங்கள்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கோவில் ஆள் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். "சாரி மேடம். என் ஒய்ஃபுக்கு உடம்பு சரியில்ல. உப்பு கரையிற மாதிரி நோய் கரைஞ்சிடும், அம்மனுக்குப் போட்டு வேண்டிக்கோன்னு ஊர்ல அம்மா சொன்னாங்க. முன்னாடி சன்னதிப் படியில உப்பு போட ஒரு தட்டு வச்சிருந்தாங்க. இப்ப இல்ல. அதான் வேப்பமரத்தடியில போடுறேன்."

"கரையிறதெண்டால் கரைஞ்சு போகோணும், தம்பி. உங்கடை ஊரிலை குளத்திலை போடுவினம், தண்ணி கொண்டு போயிடும். இது சாடி. அடியிலை தண்ணி பிடிக்கிற தட்டும் வைச்சுக் கிடக்கு. போட்ட உப்புக்குப் போக வழியில்லை. மரம் அதுக்குள்ளை நிண்டு தவிக்குது."

அவர் தலையை உயர்த்திக் காய்ந்த கிளைகளைப் பார்த்தார். "அப்போ… மரம் இப்படி ஆனது என்னாலயா?"

"இல்லைத் தம்பி, என்ரை எரு…" என்று இராசமலர் அக்கா முந்திக்கொண்டார்.

"ஓம், தம்பி. உப்பாலைதான்" என்றேன் நான்.

அவர் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். சுட்டெரித்தது. ஒரு கணம் எனக்கும் தோன்றியது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று. ஆனால் பாதியில் விடக்கூடாது. வாடிய மரத்தைப் பார்த்து உப்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவள் தோட்டக்காரி இல்லை. பையிலிருந்த கத்தியை எடுத்து, காய்ந்த கிளையின் அடியில் பட்டையை மெல்லச் சுரண்டினேன். உள்ளே பச்சை.

"இஞ்சை வந்து பாருங்கோ. உயிர் இருக்கு. இண்டைக்கே உப்பை வெளியேத்தினால் பிழைக்கும். எனக்கு முழங்கால் ஏலாது, அக்காவுக்கு முதுகு ஏலாது. நீங்கள்தான் தூக்கோணும்."

அவர் எழுந்து வந்து அந்தப் பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு லாப்டாப் பையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

சக்கரம் வைத்த பலகையில் ஏற்றிச் சாடியை முற்றத்துக்கு உருட்டினோம். அடியிலிருந்த தட்டை அகற்றினோம். பொருக்கு விழுந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தோம். பிறகு மழைநீர்த் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மெதுவாக ஊற்றி, வடிய விட்டு, திரும்ப ஊற்றினோம். முதலில் வடிந்த தண்ணீரில் நான் மீட்டரை வைத்தேன். அடுத்த தடவை அவரே வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வாளிக்கும் குனிந்து எண்ணைப் பார்த்தார். "இறங்குது மேடம்… இன்னும் இறங்குது" என்றபோது காய்ச்சல்காரியின் தலைமாட்டில் இருக்கிறவருடைய குரல்தான் கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை முடிந்து கை கழுவும்போது அவர் அக்காவிடம் கேட்டார். "நீங்க ஏன்மா உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"நீர் தாங்க மாட்டீர் எண்டு நினைச்சன்."

"தெரியாம இருந்திருந்தா இன்னும் போட்டுக்கிட்டே இருந்திருப்பேனேம்மா" என்றார் அவர். அக்கா என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், ஆனால் பழைய கோபம் அதில் இல்லை.

உங்களுக்கு வேண்டிய தொழில் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்பைக் கழுவிய செடிக்கு உடனே உரம் காட்டாதீர்கள், புதுத்துளிர் வரும்வரை வெறும் தண்ணீர்தான். நிழலில் வையுங்கள், பொறுமையாக இருங்கள். கறுத்த கிளைகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், எது உயிரோடு இருக்கிறது என்று மரமே காட்டும். எந்த எருவையும், அது எவ்வளவு நல்ல இடத்திலிருந்து வந்தாலும், ஒரு சாடியில் நாலு விதை போட்டுப் பார்க்காமல் பாத்திக்குக் கொட்டாதீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அதை மனிதரைவிட மண்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. அந்த வேம்பு இலையுதிர் காலத்துக்கு முன்பே சுவர்ப் பக்கத்தில் செந்துளிர் விட்டது. அந்த இளைஞரின் மனைவியும் பிறகு வீடு வந்தார். அது மருத்துவமனையின் வேலை. அதில் வேறு யாருக்குப் பங்கு என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பெட்டிகளைத் தூக்க ஆள் வந்துவிட்டது. நானும் போயிருந்தேன். எரு நல்லது, உப்பு மேலிருந்து விழுந்தது, பெட்டிகளில் கை வைக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொன்னேன். யார் போட்டது என்பதைச் சொல்லவில்லை.

"அப்ப ஆர் போட்டது? எனக்குத் தெரியோணும்" என்று அவர் குரலை உயர்த்தினார். அர்ச்சனைக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

வரிசையிலிருந்து அந்த இளைஞர் வெளியே வந்தார். வெள்ளிக்கிழமை அவர் வருகிற நாள் இல்லை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"நான்தான் சார் போட்டேன். என் ஒய்ஃபுக்காக. அந்த அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க எருவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

செயலாளர் சன்னதிப் படியைத் திரும்பிப் பார்த்தார். "உப்புப் போடுற தட்டை அங்கையிருந்து எடுப்பிச்சது நான்தான்" என்றார். "கார்ப்பெட் எல்லாம் உப்பு எண்டு." பிறகு யாரையும் பார்க்காமல் மடைப்பள்ளிக்குள் போனார். பொங்கலுக்கு வைக்கிற பெரிய அண்டாவை அவரே தூக்கிவந்து சன்னதிக்கு முன்னால் வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பினார். வேட்டி நனைந்ததை அவர் கவனிக்கவில்லை.

"தங்கச்சி, இனி உப்பு இதுக்குள்ளை. பிறகு இந்தத் தண்ணியை எங்கை ஊத்திறது?"

"வடிகாலுக்குள்ளை, அண்ணை. அருகம்புல்லுக்கும் காட்டாதேங்கோ."

பெட்டி தூக்க வந்த ஆள் சும்மா திரும்பிப் போனான். இளைஞர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். ஆனால் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது. வாடிய மரத்தைப் பார்த்த பிறகு உப்பைத் தொட அவருக்குப் பயம் வந்துவிட்டது போலும். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் அசையாமல் நின்றார்.

இராசமலர் அக்கா பின்முற்றத்திலிருந்து வந்தார். கையில் எருவின் கறுப்பு இன்னும் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உம்மடை மனிசியின்ரை பேர் என்ன?"

அத்தனை செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கோவிலில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"கவிதா" என்றார் அவர்.

அக்கா அவருடைய கையைத் திருப்பி, பொட்டலத்தைப் பிரித்து, பாதி உப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "கவிதா" என்று அம்மனைப் பார்த்து ஒருமுறை சொன்னார். பிறகு இருவருமாகச் சேர்ந்து உப்பைத் தண்ணீரில் போட்டார்கள்.